மாசும் தீட்டும்: நம் தண்ணீரைப் பற்றிப் பேசிய சட்டங்களின் வரலாறு



"நீர் மாசுத் தடுப்புச் சட்டம்" என்று படிக்கும்போது நம் மாணவர்களுக்கு ஆலைக் கழிவும் நுரை பொங்கும் ஆறும் நினைவுக்கு வருகின்றன. "தண்ணீர்த் தீண்டாமை" என்றால் மகாத் குளமும் வேங்கைவயல் தொட்டியும் நினைவுக்கு வருகின்றன. முதலாவதைச் சுற்றுச்சூழல் பாடத்திலும் இரண்டாவதைச் சமூகவியல் பாடத்திலும் படிக்கிறோம். நாடாளுமன்றமும் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. தண்ணீர் கெடுவதைத் தடுக்க ஒரு வரிசைச் சட்டங்கள், தண்ணீரை நம்மிடமிருந்து தடுப்பதைத் தடுக்க இன்னொரு வரிசைச் சட்டங்கள்.

ஆனால் சேரியில் ஒரே ஒரு குழாய்தான் இருக்கிறது. அதில் தண்ணீர் வருமா என்பதும், வருகிற தண்ணீர் குடிக்கத் தக்கதா என்பதும் அங்கே ஒரே கேள்வி. இந்த இரண்டு வரிசைச் சட்டங்களும் எப்படி வந்தன, எங்கே சந்தித்திருக்க வேண்டும், ஏன் சந்திக்கவில்லை என்பதை நம் வட்டாரத்திலிருந்து பார்க்க முயல்கிறேன்.

1860: கெடுப்பது என்றால் என்ன?

பிரிட்டிஷ் அரசு 1860இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 277ஆம் பிரிவு, பொது ஊற்றின் அல்லது நீர்த்தேக்கத்தின் தண்ணீரை வழக்கமான பயனுக்கு உதவாதபடி வேண்டுமென்றே கெடுப்பதைக் குற்றமாக்கியது. தண்டனை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்தப் பிரிவை யார் மீது திருப்பினார்கள் என்று பார்த்தால் நம் வரலாறு புரியும். பொதுத் தொட்டியில் தண்ணீர் எடுத்த ஒரு மகர் பெண்ணுக்கு, தொட்டியைக் "கெடுத்தார்" என்று தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு 1900இல் பம்பாய் உயர்நீதிமன்றம் வரை போனது. கெடுப்பது என்ற சொல் தண்ணீரைப் பொருளளவில் அசுத்தப்படுத்துவதையே குறிக்கும், ஒரு சாதியார் தொட்டதைக் குறிக்காது என்று உயர்நீதிமன்றம் சொன்னது. அந்தப் பெண் தப்பினார்.

அன்றைய நீதிமன்றம் மாசையும் தீட்டையும் பிரித்துக் காட்டியது. அது நமக்கு நன்மை. ஆனால் அந்தப் பெண்ணைத் தண்ணீர் எடுக்கவிடாமல் தடுப்பவர்களைத் தண்டிக்க அன்றைக்கு ஒரு சட்டமும் இல்லை.

1924 முதல் 1937 வரை: குளத்துக்குப் போகும் உரிமை

அந்த உரிமையை நம் முன்னோர்தான் கேட்டு வாங்கினார்கள். சென்னை மாகாணச் சட்டசபையில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பொதுக் கிணறு, குளம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட வகுப்பார் பயன்படுத்துவதை யாரும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதே ஆண்டில் அது அரசாணையானது. திருத்தணி அன்று சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே அந்த ஆணை நம் ஊருக்கும் பொருந்தியது.

பம்பாயில் 1923இல் போலே கொண்டுவந்த தீர்மானத்தை ஒட்டி, மகாத் நகராட்சி சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஆனால் காகிதத்தில் திறந்த குளத்தில் யாராலும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் அந்தத் தண்ணீரைக் குடித்தார். அதன் பிறகு சாதி இந்துக்கள் செய்த காரியம்தான் நாம் பேசும் பொருளுக்கு நேரடியாக வருகிறது. சாணம், மூத்திரம், பால், தயிர் கலந்த 108 பானைகளைக் குளத்தில் அமிழ்த்தி அதைச் "சுத்தம்" செய்தார்கள். ஆய்வகத்துக்கு அனுப்பினால் எந்தத் தண்ணீர் அசுத்தம் என்று வந்திருக்கும்? மனிதர் குடித்தால் தீட்டு, சாணம் கலந்தால் தூய்மை என்ற கணக்கில் வளர்ந்த சமூகத்தில்தான் பின்னாளில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் வந்தன.

வழக்கு பத்தாண்டுகள் நடந்தது. 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் காரணம் என்ன தெரியுமா? குளத்திலிருந்து தீண்டப்படாதவர்களை விலக்கும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்ததாகச் சாதி இந்துக்களால் நிரூபிக்க முடியவில்லை என்பதே. நிரூபித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயம் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. உரிமைக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

1950க்குப் பிறகு: குளம் திறந்தது, தண்ணீர்?

அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் அல்லது பொதுமக்களுக்கென விடப்பட்ட கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்றது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955இல் வந்தது. பொது நீர்நிலைகளோடு கோயிலைச் சேர்ந்த புனிதக் குளத்தில் குளிப்பதற்கும் அதன் நீரைப் பயன்படுத்துவதற்கும் உரிமையுண்டு என்று அந்தச் சட்டம் தனியாகச் சொன்னது. நம் மலையடிவாரத்துச் சரவணப் பொய்கையும் அந்த வரிக்குள் அடங்கும். அப்போது திருத்தணி ஆந்திரத்தில் இருந்தது. எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மாநிலம் மாறினாலும் இந்த உரிமை மாறவில்லை. தேசியச் சட்டம் என்பதன் பலன் அது.

1955 சட்டத்தின் தண்டனை ஆறு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம். 1976இல் அது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறி, குறைந்தது ஒரு மாதச் சிறை கட்டாயமானது. ஆனாலும் கிணற்று வழக்குகளின் கதி என்ன என்பதற்குக் கர்நாடகத்தின் அப்பா பாலு இங்காலே வழக்கு ஓர் உதாரணம். புதிதாகத் தோண்டிய ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போன தலித்துகளைத் துப்பாக்கி காட்டி விரட்டினார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்தது, உயர்நீதிமன்றம் விடுவித்தது, 1992 டிசம்பரில் உச்சநீதிமன்றம் முக்கியக் குற்றவாளிகளின் தண்டனையை மீட்டது. ஒரு குடம் தண்ணீருக்காக நாட்டின் தலைமை நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

இந்தச் சட்டங்கள் எல்லாம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: தண்ணீரைத் தொட விட்டார்களா? அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று அவை கேட்கவில்லை. ஊர்க் கிணற்றுச் சண்டையைத் தவிர்க்க சேரிக்குத் தனிக் கிணறு, தனிக் குழாய், தனித் தொட்டி என்று அரசே கட்டிக் கொடுத்தது. தனித் தொட்டி வந்த பிறகு "தடுத்தார்கள்" என்ற வழக்கே இல்லாமல் போனது. நல்ல ஊற்றுள்ள கிணறு ஊரில் நின்றது. உப்போ கசப்போ, கிடைத்தது காலனியில் நின்றது.

1974: ஆறு தெரிந்தது, ஆள் தெரியவில்லை

1972இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு நடந்தது. நீர் மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 1974 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் என்பதால், அரசியல் சட்டத்தின் 252ஆம் பிரிவின் கீழ் 12 மாநிலங்களின் தீர்மானத்தைப் பெற்று நாடாளுமன்றம் இதை இயற்றியது. அந்த முதல் பன்னிரண்டில் தமிழ்நாடு இல்லை. நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரி 27 அன்றுதான் அமைந்தது. எட்டு ஆண்டுத் தாமதம்.

சட்டம் நல்ல சட்டம்தான். தண்ணீரின் இயற்பியல், வேதியியல், உயிரியல் தன்மை மாறி மக்கள் உடல்நலத்துக்கோ வீட்டுப் பயனுக்கோ வேளாண்மைக்கோ கால்நடைக்கோ கேடு வந்தால் அது மாசு என்று விரிவாக வரையறுத்தது. 24ஆம் பிரிவு ஓடையிலும் கிணற்றிலும் சாக்கடையிலும் நிலத்திலும் நச்சுப் பொருளை விடுவதைத் தடுத்தது. 25ஆம் பிரிவின்படி வாரியத்தின் இசைவு இல்லாமல் கழிவுநீரை வெளியே விட முடியாது. மீறினால் ஒன்றரை ஆண்டு முதல் ஆறு ஆண்டு வரை சிறை.

ஆனால் இந்தச் சட்டம் முழுவதும் தேடிப் பாருங்கள். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் யார், கழிவு எந்தத் தெருவை நோக்கித் திருப்பப்படுகிறது, சாக்கடைக்குள் யார் இறங்குகிறார் என்ற கேள்விகள் அதில் இல்லை. நகரசபைக் கழிவுநீர் ஆற்றில் கலப்பதைச் சட்டம் 1974லேயே கண்டுகொண்டது. அந்தக் கழிவை அள்ளும் மனிதருக்கென்று ஒரு மத்தியச் சட்டம் 1993இல்தான் வந்தது. சாக்கடைக்குள் பாதுகாப்பின்றி இறக்குவதைத் தடை செய்த சட்டம் 2013இல் வந்தது. ஆறு முதலில், ஆள் நாற்பது ஆண்டு கழித்து.

ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கான பக்தர்கள் திருத்தணிக்கு வருகிறார்கள். மூன்று நாள் தெப்பம் முடிந்த பிறகு பொய்கைக் கரையையும் தெருக்களையும் யார் சுத்தம் செய்கிறார்கள், அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று உங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குளத்து நீரின் தரத்தை அளக்க மீட்டர் இருக்கிறது. இதை அளக்கச் சட்டத்தில் இடமில்லை.

பாலாறு: ஒரே அரசின் இரண்டு கைகள்

நம் ஊரிலிருந்து சோளிங்கர் தாண்டிப் போனால் இராணிப்பேட்டை. அங்கிருந்து மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி. பாலாற்றங்கரையின் இந்தத் தோல் பட்டைதான் தேசிய நீர்ச் சட்டத்தின் பெரிய பரிசோதனைக் களம். திருத்தணிப் பக்கம் ஓடும் கொசஸ்தலை ஆற்றுக்கும் இந்தப் பாலாற்றுக்கும் தொடர்புண்டு. பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்கு வரும் நீரின் உபரிதான் கொசஸ்தலையில் சேர்கிறது. இராணிப்பேட்டைக் கதை வெளியூர்க் கதை அல்ல.

இங்கே தோல் பதனிடுதல் பழைய தொழில். ஆவாரம் பட்டை போட்டுப் பதனிடுவார்கள். நாறும், தண்ணீர் கெடும், ஆனால் நிலம் சாகாது. 1972இல் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுதாக முடித்த தோலையும் தோல் பொருளையும் ஏற்றுமதி செய்தால் அந்நியச் செலாவணி கூடும் என்று பரிந்துரைத்தது. மத்திய அரசு அதன்படி கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. முடித்த தோலுக்குக் குரோமியப் பதனிடுதல் வேண்டும். பாலாற்றங்கரையில் குரோமியமும் உப்பும் பெருகின. நீர் மாசுச் சட்டத்தை எழுதிய அதே அரசு, அதே ஆண்டுகளில், இன்னொரு கையால் குரோமியத் தோலுக்கு வழி திறந்தது. தமிழ்நாட்டில் வாரியம் வருவதற்கு முன்பே ஆலைகள் வந்துவிட்டன.

செத்த மாட்டைத் தூக்குவதும் தோலை உரிப்பதும் சாதியின் பெயரால் நம் மேல் சுமத்தப்பட்ட வேலை. தொழில் பெரிதானபோது முதலாளிகளாக வந்தவர்கள் வேறு. சுண்ணாம்புக் குழியிலும் தோல் அலசும் தொட்டியிலும் கூலிக்கு நின்றவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். வேலையில் ரசாயனம் தோலில் பட்டது. வீட்டுக்கு வந்தால் அதே ரசாயனம் கிணற்றில் இருந்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்சநீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்றும் அதில் பதிவாகியிருக்கிறது. திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. மாசுபடுத்தியவரே இழப்பைச் செலுத்த வேண்டும் என்ற கொள்கையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பைக் கணக்கிட ஒரு ஆணையம் அமைக்கச் சொன்னது.

அந்த ஆணையம் 2001இல் வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்கும் குடும்பங்களுக்கும் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று முடிவு செய்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்குச் சராசரியாக ஒன்பதாயிரம் ரூபாய் சொச்சம். கணக்கின் அடிப்படை பெரும்பாலும் கெட்டுப்போன விளைநிலம். இங்கேதான் சமூகவியல் படித்தவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். நிலத்தை அளவாக வைத்தால் பட்டா உள்ளவருக்குக் கணக்கு வரும். அந்த நிலத்தில் நாற்று நட்டுக் களை எடுத்துப் பிழைத்த நிலமற்ற கூலிக் குடும்பம் எந்தப் பட்டியலில் வரும்? நிலம் செத்தபோது அவர்களின் கூலியும் செத்தது. கிணறு கெட்டபோது அவர்கள் காசு கொடுத்துக் குடம் தண்ணீர் வாங்கினார்கள். மாசின் இழப்பு நிலவுடைமை வழியாக அளக்கப்படும்போது, நிலவுடைமையில் உள்ள சாதி இழப்பீட்டிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கதை அதோடு முடியவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. குரோமியம் குறைந்தாலும், கரைந்த உப்பை அந்த நிலையங்களால் எடுக்க முடியவில்லை. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காப்பாற்றக் கட்டிய தொட்டி ஆளைக் கொன்றது. 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு ஆலைகளிடமிருந்து வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றது. 1991இல் தொடங்கிய வழக்கு 34ஆம் ஆண்டில் இந்த இடத்தில் நிற்கிறது.

1989: இரண்டும் சந்தித்த ஒரே வரி

இரண்டு வரிசைச் சட்டங்களும் சந்தித்த ஓர் இடம் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டு 1990 ஜனவரி 30 அன்று நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் ஊற்று, நீர்த்தேக்கம் அல்லது வேறெந்த நீராதாரத்தையும் பயனுக்கு உதவாதபடி கெடுப்பது அதில் குற்றம். 2015 திருத்தத்துக்குப் பிறகு அது 3(1) பிரிவில் எக்ஸ் என்ற உட்பிரிவு. 1860இன் 277ஆம் பிரிவோடு இதை ஒப்பிடுங்கள். சொற்கள் ஏறத்தாழ அதே சொற்கள்தான். ஒரே ஒரு கேள்வி புதிதாகச் சேர்ந்தது: அந்தத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள்? மூன்று மாதமாக இருந்த தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை என்று ஆனது.

சட்டத்தின் விதிகளில் 2016இல் செய்த திருத்தம் இன்னொன்றும் சொல்கிறது. இப்படித் தண்ணீர் கெடுக்கப்பட்டால், சுத்தம் செய்து வசதியை மீட்கும் முழுச் செலவும் அரசுடையது. அதற்கு மேல் 8 லட்சத்து 25 ஆயிரம் ரூபாயை மாவட்ட ஆட்சியரிடம் செலுத்தி, அந்த மக்களுக்குப் பொதுச் சொத்து உருவாக்க வேண்டும். நம் தோழர்களில் எத்தனை பேர் இந்த விதியைக் காட்டி மனு எழுதியிருக்கிறோம்?

ஆனால் இந்த வரிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. செய்தவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவர் என்று காட்ட வேண்டும். அதாவது செய்தவர் யார் என்று தெரிய வேண்டும். அதைக் கண்டுபிடிப்பது காவல்துறையின் கையில் இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பர் கடைசி வாரம் நடந்ததை எல்லோரும் அறிவோம். பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போக, தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர் சொல்ல, 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்குள் மனித மலம் இருந்தது தெரிந்தது. வழக்கு 2023 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. பாதிக்கப்பட்ட மக்களிடமே மரபணுச் சோதனைக்கு ரத்த மாதிரி கேட்டார்கள். இரண்டாண்டு கழித்து 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்கள் மீது குற்றப்பத்திரிகை வந்தது. ஊர் மக்கள் அதை மறுத்து சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிக் கட்சிகளும் அதையே கேட்டன. குற்றம் சாட்டப்பட்டவர்கள் தலித்துகள் என்பதால் வழக்கு வன்கொடுமைச் சிறப்பு நீதிமன்றத்திலிருந்து நடுவர் நீதிமன்றத்துக்கு மாறியது. யார் குடிக்கும் தண்ணீர் என்ற கேள்வியைச் சட்டத்தில் சேர்க்க நமக்கு 130 ஆண்டு ஆனது. ஒரு குற்றப்பத்திரிகையில் அது வழக்கிலிருந்து வெளியே போய்விட்டது.

1974 சட்டம் இங்கே என்ன செய்ய முடியும்? மேல்நிலைத் தொட்டி என்ற சொல்லே அதில் இல்லை. அந்தச் சட்டத்தின் கண் ஆற்றின் மீதும் ஆலை வாய்க்காலின் மீதும் இருக்கிறது. குழாயில் வரும் குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 10500 என்ற எண்ணுள்ள தரநிலை உண்டு. நூறு மில்லி நீரில் மலக் கிருமி ஒன்றுகூடத் தென்படக் கூடாது, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மி.கி. வரை இருக்கலாம், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது அது. ஆனால் நீர் வழங்கும் உள்ளாட்சி அமைப்பு இந்த அளவுக்குக் கொடுக்காவிட்டால் தண்டனை என்று எந்த மத்தியச் சட்டமும் சொல்லவில்லை. புட்டித் தண்ணீர் விற்கும் கம்பெனியைக் கட்டுப்படுத்தும் சட்டம் காலனிக் குழாயைக் கட்டுப்படுத்தவில்லை. "வேறு நீராதாரம் இல்லாவிட்டால்" என்ற அந்த விலக்கைச் சேரியில் நின்று படித்துப் பாருங்கள். வேறு நீராதாரம் ஏன் இல்லை என்பதுதான் நம் கேள்வி.

2024: சிறையிலிருந்து அபராதத்துக்கு

2024 பிப்ரவரியில் நாடாளுமன்றம் நீர் மாசுச் சட்டத்தைத் திருத்தியது. பல மீறல்களுக்கு இருந்த சிறைத் தண்டனை போய், 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஆனது. சில வகை ஆலைகளுக்கு இசைவு பெறுவதிலிருந்தே விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் வந்தது. முதலில் இது இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், ஒன்றியப் பகுதிகளுக்குத்தான். மற்ற மாநிலங்களின் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டால் அங்கும் பொருந்தும். 1974இல் சட்டத்துக்குள் நுழைய இருந்த அதே 252ஆம் பிரிவு வாசல்தான் இது. தொழில் நடத்துவதை எளிதாக்கவே இந்தத் திருத்தம் என்கிறார்கள். பெரிய ஆலைக்கு 15 லட்சம் ஒரு செலவுக் கணக்கு. கெட்ட நீரைக் குடிக்கும் குடும்பத்துக்கு மருத்துவச் செலவை யார் கணக்கில் எழுதுவது?

நாம் என்ன செய்யலாம்

இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான். யார் குடிக்கிறார்கள் என்று கேட்கும் சட்டம் தண்ணீரை அளக்கவில்லை. தண்ணீரை அளக்கும் சட்டம் யார் குடிக்கிறார்கள் என்று கேட்கவில்லை. சட்டங்களை நாடாளுமன்றம் இணைக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. களத்தில் நாம் இணைக்கலாம்.

ஒன்று, அளந்து பாருங்கள். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சியும் கருவிப் பெட்டியும் தர வேண்டும். உங்கள் ஊராட்சியில் அந்த ஐந்து பேர் யார், அதில் காலனிப் பெண் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஊர்க் குழாயையும் காலனிக் குழாயையும் ஒரே நாளில் சோதித்து இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். தனித்தனியாக எழுதினால் அது தண்ணீர்ப் பிரச்சினை. சேர்த்து எழுதினால் அது பாகுபாட்டுக்குச் சான்று.

இரண்டு, ஆவணத்தைப் பாருங்கள். நீர் மாசுச் சட்டத்தின் 25(6) பிரிவின்படி, ஆலைகளுக்கு வாரியம் விதித்த நிபந்தனைகளின் பதிவேட்டைப் பாதிக்கப்பட்ட எவரும் பார்வையிடலாம். திருத்தணி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை நெசவு வட்டாரத்தில் சாயக் கழிவு பற்றிப் புகார் உள்ள தோழர்கள் இதிலிருந்து தொடங்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திர வாரியத்திடமும் இதே உரிமை உண்டு. 49ஆம் பிரிவின்படி வாரியத்துக்கு 60 நாள் அறிவிப்பு கொடுத்துவிட்டு, வாரியம் அசையாவிட்டாலும் நீங்களே நீதிமன்றத்தில் புகார் செய்யலாம்.

மூன்று, மனுவில் இரண்டு சட்டத்தையும் எழுதுங்கள். காலனி நீராதாரத்தில் வேண்டுமென்றே கழிவு விடப்பட்டால் வாரியத்துக்கு ஒரு மனு போதாது, காவல் நிலையத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் புகார் கொடுங்கள். மாசற்ற நீர் 21ஆம் பிரிவின் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சுபாஷ் குமார் வழக்கில் 1991லேயே உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதையும் சேருங்கள்.

நான்கு, இழப்பீட்டுப் பட்டியல்களைக் கவனியுங்கள். வேலூரில் புதிதாகக் கணக்கெடுக்கும் இந்த நேரத்தில், நிலமற்ற கூலிக் குடும்பங்களும் ஆலைத் தொழிலாளர்களும் பாதிக்கப்பட்டவர்கள் என்ற வரையறைக்குள் வர வேண்டும் என்பதை நாம் கோரிக்கையாக வைக்க வேண்டும். அங்கே உள்ள மாணவத் தோழர்கள் தெருத் தெருவாகப் பெயர் எடுக்கத் தொடங்குங்கள். பட்டா இல்லாதவரின் இழப்புக்கு ஆவணம் இல்லை என்று நாளைக்கு யாரும் சொல்லாதபடி, அந்த ஆவணத்தை இன்றைக்கே நாம் எழுதி வைப்போம்.

ஜெய் பீம்.